சுமேரியாவில் ஒரு பள்ளிக்கூடம்



சுமேரிய நாகரிகம் என்றதும் சக்கரம், சிகுராட், ஆப்பெழுத்து என்று மனப்பாடமா எழுதிவிடுவோம். மார்க்கும் வந்துவிடும். ஆனா அந்த ஆப்பெழுத்தை உட்கார்ந்து படிச்சது யாரு? நம்மை மாதிரிப் பசங்கதான்!

இன்றைய ஈராக்கில் இருந்த ஊருக் நகரில், கி.மு. 3300 வாக்கில் எழுத்து பிறந்தது. கதை எழுத அல்ல, கணக்கு எழுத. எத்தனை ஆடு வந்தது, யாருக்கு எவ்வளவு பார்லி கொடுத்தோம் என்பதுதான் முதலில் எழுதப்பட்டது. குறிகளோ நூற்றுக்கணக்கில். அதைக் கற்றுத்தரப் பள்ளி வேண்டாமா? அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘எடுப்பா’. சிரிக்காதீங்க! ‘பலகை வீடு’ என்பது போலப் பொருள்.

நிப்பூர் நகரில் 1951-52இல் தோண்டியபோது அப்படி ஒரு வீடு கிடைத்தது. கி.மு. 1740 வாக்கில் அங்கே பள்ளி நடந்திருக்கிறது. பெரிய கட்டடம் இல்லை, சாதாரணச் சின்ன வீடு. உள்ளே சுமார் 1,400 களிமண் பலகைத் துண்டுகள்! பழைய பலகைகளைச் சுவரிலும் தரையிலும் வைத்துக் கட்டியதால்தான் இத்தனையும் தப்பித்தன.

ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்த வேண்டும், கோடு இழுக்கக் கூடாது. இடது பக்கம் வாத்தியார் எழுதித் தருவார். வலது பக்கம் மாணவன் பார்த்து எழுதணும். தப்பானால் வழித்துவிட்டு மறுபடி எழுதணும். வழித்து வழித்து வலது பக்கம் மெலிந்தே போயிருக்கும்! பழைய பலகைகளை ஊறவைத்துப் புதுசாக்கத் தார் பூசிய தொட்டியும் அந்த வீட்டில் இருந்தது. நிப்பூரில் கிடைத்த வேறொரு பலகையில் பல் பதிந்த தடம் இருக்கிறது. கடிச்சது 12, 13 வயசுப் பிள்ளை என்கிறார்கள். வீட்டுப்பாடம் அவ்வளவு கசந்ததோ என்னவோ!

வாய்ப்பாடும் உண்டு. ஒவ்வொன்றும் 1 முதல் 20 வரை, அப்புறம் 30, 40, 50. நாம் பத்து பத்தாக எண்ணுவது போல அவர்கள் அறுபது அறுபதாக எண்ணினார்கள். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்று நாம் பீரியடு எண்ணுவது அந்தக் கணக்கின் மிச்சம்தான்.

எனக்கு ரொம்பப் பாவமாகப் பட்டது வேறு. அந்தக் காலத்தில் ஆண்டவர்கள் பாபிலோன் அரசர்கள். பசங்க வீட்டில் பேசியது அக்காடிய மொழி. சுமேரிய மொழி யாருக்கும் தாய்மொழியாக இல்லை, ஆனால் பள்ளியில் அதில்தான் படிக்கணும். சாமுவேல் நோவா கிரேமர் என்ற அறிஞர் 1949இல் வெளியிட்ட ஒரு சுமேரியக் கதையில் ஒரு பையன் நாள் முழுக்க அடி வாங்குகிறான். அனுமதி இல்லாமல் பேசியதற்கு ஓர் அடி, எழுந்து நின்றதற்கு ஓர் அடி, கையெழுத்து சரியில்லை என்று ஓர் அடி, சுமேரியத்தில் பேசவில்லை என்றும் ஓர் அடி! கடைசியில் அப்பாவிடம் சொல்லி வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து, விருந்து வைத்து, புதுத்துணியும் மோதிரமும் கொடுக்கிறார்கள். அப்புறம் பாருங்க, அதே வாத்தியார் பையனைப் புகழ்ந்து தள்ளுகிறார்! (நம் ஆசிரியர்கள் மன்னிக்க.)

மோதிரம் கொடுக்க முடிந்தவர் வீட்டுப் பிள்ளைதான் படிக்கவும் முடிந்தது. கி.மு. 2000 வாக்கில் வாழ்ந்த சுமார் 500 எழுத்தர்களின் பெயர்களை ஷ்னைடர் என்ற அறிஞர் 1946இல் தொகுத்தார். அவர்களின் அப்பாக்கள் ஆளுநர், கோயில் அதிகாரி, படைத்தலைவர், வரி அதிகாரி இப்படி. அந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. பிறகு சிப்பார் நகரில் பெண் எழுத்தர்கள் இருந்தார்கள், ஆனாலும் கொஞ்சம் பேர்தான். நெசவுக்கூடத்துப் பெண்களின் பெயர்கள் களிமண்ணில் நிறைய உண்டு, கூலிப் பட்டியலில்! ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி என்றால் பெண்ணுக்குப் பெரும்பாலும் 30தான். ஒரு சிலா கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அந்தப் பட்டியலை அவர்களால் படித்துச் சரிபார்க்க முடிந்திருக்காது.

ஆனா ஒரு வேடிக்கை. நிப்பூர்ப் பள்ளியில் பசங்க பார்த்து எழுதிய பாடல்களில் ஒன்று, இனானா என்ற பெண் தெய்வத்தைப் பற்றியது. அதை இயற்றியதாகச் சொல்லப்படுபவர் என்ஹெடுவன்னா. சார்கோன் அரசரின் மகள், ஊர் நகரத்துக் கோயிலின் தலைமைப் பூசாரி. அந்தப் பசங்களுக்கு 500 வருசம் முந்தியவர். அவர் எழுத்தைத்தான் வழித்து வழித்துத் திரும்ப எழுதினார்கள், கையெழுத்து சரியில்லை என்றால் அடியும் வாங்கிக்கொண்டு!