எண்ணெய் சொல்லும் சேதி

மகிழுந்துப் பட்டறை ஒன்றில் இயந்திர எண்ணெய் மாற்றப்படுகிறது. எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் கீழே வைத்த தட்டில் கொட்டுகிறது. அனுபவம் மிக்க பழுதுபார்ப்பவர் அதை உடனே அப்புறப்படுத்துவதில்லை. கைவிளக்கின் ஒளியைத் தட்டின்மீது பாய்ச்சி உற்று நோக்குகிறார். எண்ணெயில் வெள்ளித்தூள் போல ஏதேனும் மினுமினுத்தால் அவர் முகம் மாறிவிடும். அந்த மகிழுந்து நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. விபரீத ஓசை எதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஆயினும், உள்ளே ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறித் தேய்கிறது என்பதை அந்த மினுமினுப்பு காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எண்ணெயில் உலோகத் துகள்கள் எப்படிக் கலக்கின்றன? இயந்திரம் ஓடும்போது அதன் சுழல்தண்டு ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அத்தண்டைத் தாங்கி நிற்பவை, பட்டறைகளில் ‘பேரிங்’ எனப்படும் தாங்கிகள். தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதால் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசுவதில்லை. இயந்திரத்தை முடுக்கும் வேளையில் அப்படலம் முழுமையாக உருவாகியிருக்காது. அப்போது சிறிதளவு தேய்மானம் ஏற்படுவது இயல்பு. புதிய இயந்திரத்தில் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்திலும் துகள்கள் சற்று மிகுதியாகவே உதிரும்.

எண்ணெய் குறைந்தாலோ, நீண்ட நாள் மாற்றப்படாமல் கெட்டாலோ, தூசி உள்ளே புகுந்தாலோ இந்நிலை மாறுகிறது. படலம் அறுபட்டு உலோகம் உரசுகிறது. உதிர்ந்த துகள்கள் எண்ணெயோடு சுற்றி வந்து மற்ற பாகங்களையும் கீறுகின்றன. கீறல், மேலும் துகள்களை உண்டாக்குகிறது. எண்ணெய் வடிகட்டி அவற்றுள் பலவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதிலுள்ள மாற்றுவழி அடைப்பான் திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயையே இயந்திரத்துக்குள் அனுப்பும். எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெயில் ஓடுவது மேல் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

துகள்களைக் கண்டறியப் பட்டறையில் இரண்டு எளிய வழிகள் உள்ளன. முதலாவது, நுனியில் காந்தம் பொருத்திய திருகாணி. அதில் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற மெல்லிய பசை ஒட்டியிருந்தால் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. ஊசி போன்ற சிம்புகளோ செதில்களோ ஒட்டியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. எனினும், காந்தம் இரும்பை ஈர்க்குமே தவிர அலுமினியத்தையும் செம்பையும் ஈர்ப்பதில்லை. எனவே, இரண்டாவது வழியும் தேவைப்படுகிறது. கழற்றிய வடிகட்டியை வெட்டித் திறந்து, அதன் மடிப்புத் தாளை விரித்து, விளக்கொளியில் ஆராய வேண்டும். காந்தம் தவறவிட்ட துகள்கள் அங்கே தென்படும்.

துகள் எந்த உலோகம் என்று தெரிந்தால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். இரும்பு பெரும்பாலும் உருளைச் சுவரிலிருந்தோ சுழல்தண்டிலிருந்தோ வரும். அலுமினியம் பிஸ்டன் தேய்வதைக் குறிக்கலாம். செம்பும் ஈயமும் தாங்கிகளைச் சுட்டும். மண்ணில் நிறைந்துள்ள சிலிக்கன் மிகுந்திருந்தால், காற்று வடிகட்டியின் வழியே தூசி புகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத துகள்களை அளப்பதற்கு ஆய்வுக்கூடம் உதவுகிறது. எண்ணெய் மாதிரியை மின்பொறியால் கடுமையாகச் சூடாக்கும்போது அதிலுள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஒளியை உமிழும். அந்த ஒளியைப் பகுத்து, மில்லியனில் ஒரு பங்கு அளவிலுள்ள உலோகத்தையும் கணக்கிடலாம். அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் இரயில் நிறுவனம் 1946ஆம் ஆண்டிலேயே டீசல் இரயில் இயந்திரங்களைக் கண்காணிக்க இம்முறையைக் கையாண்டது. பின்னர் இது விமானங்களுக்கும் பரவியது.

ஆனால், இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டரைவிடப் பெரிய துகள்களை அது சரிவரக் கணக்கிடாது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்தால் அத்துகள்களின் சிறுமை விளங்கும். தாங்கி செதில் செதிலாகப் பெயரும்போதும் ஆய்வறிக்கை ‘நலம்’ என்று கூறக்கூடும். ஆகவே, ஆய்வறிக்கை கையிலிருந்தாலும் வடிகட்டியைத் திறந்து பார்ப்பதைக் கைவிடலாகாது. ஒரே ஓர் அறிக்கையைக் கொண்டு முடிவு செய்வதும் சரியன்று. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் கிடைக்கும் அளவுகளைக் குறித்து வைத்து ஒப்பிட வேண்டும். அளவு திடீரென உயர்வதே உண்மையான எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தால் தாங்கி சுழல்தண்டோடு இறுகிப் பற்றிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் விரையும்போது இயந்திரம் சட்டென நின்றுவிட்டால் பணம் மட்டுமன்றி உயிரும் ஆபத்துக்குள்ளாகும். தக்க நேரத்தில் கவனித்திருந்தால் சில தாங்கிகளை மாற்றுவதோடு முடிந்திருக்கும் வேலை, முழு இயந்திரத்தையும் மாற்றும் செலவாகிவிடும்.

இயந்திரம் பழுதாவதற்கு முன்பே தன் குறையை எண்ணெயின் வழியாகச் சொல்லிவிடுகிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். தட்டில் கொட்டிய கறுத்த எண்ணெயை ஒரு நிமிடம் நின்று பார்ப்பதே அந்த அணைக்கு வைக்கும் முதல் கல்.