கண்ணிமை சோர்ந்தால் நெஞ்சில் ஏன் ஸ்கேன்?

கேள்வி: கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குப் பின்னேரமானால் கண்ணிமை தொங்குகிறது, கையும் சோர்கிறது. இது மயஸ்தீனியா நோய் என்று சொன்ன டொக்டர், நெஞ்சை ஸ்கேன் செய்யச் சொன்னார். ஏன்?
– வாசகி, ஹட்டன்

பதில்: நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பார்க்கத்தான், மகள். நோயெதிர்ப்பு டி செல்கள் முதிர்வது அங்கேதான். சொந்த உடலையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடும். இந்த நோயில் பலருக்கு அது பிசகி, அங்கே அரிதாக இருக்கவேண்டிய, எதிர்பொருட்களை உருவாக்கும் பி செல்கள் குவிகின்றன. ‘பாஃப்’ என்னும் வளர்ச்சிக் காரணி அவற்றைச் சாகவிடாமல் காக்கிறது. நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடத்தையே தாக்கும் எதிர்பொருட்கள் இப்படித்தான் பெருகுகின்றன. காலையில் தெம்பாக இருந்த விரல்கள் மத்தியான நிறுவைக்குள் ஓய்ந்துபோவது அதனால்தான். அதைச் சோம்பல் என்று யாரும் ஏசுவது அநியாயம்.

ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைமஸில் கட்டியும் இருக்கும். கட்டி இல்லாதவர்களிடம் நடந்து 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சுரப்பியை அகற்றியபின் நோய் தணிந்தது, ஸ்டீரொய்ட் தேவையும் குறைந்தது. மூச்சு முட்டினாலோ விழுங்க முடியாவிட்டாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.