பலமும் பகட்டும்



ஒரு வியாபாரியின் பலம் எதில் இருக்கிறது? கடை முகப்பிலா, குடோனில் அடுக்கிய பண்டல்களிலா, அன்றாட விற்பனையிலா? இவை கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் பலம் தெரிவது நெருக்கடி வரும்போதுதான்.

சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. பாரி, பின்னி கம்பெனிகளுக்குச் சமமாகப் பேசப்பட்ட வெள்ளையர் நிறுவனம். அதன் பெயரை நம்பிப் பலதரப்பட்ட மக்களும் பணம் போட்டனர். 1906 அக்டோபரில் அது திவாலாயிற்று. லண்டன் பங்குதாரர் வழியாகச் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பணம் முடங்கியிருந்தது. தலைமைப் பங்குதாரர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்த அடியில் பாடம் கற்றுத்தான் 1907ல் நம்மவர்கள் இந்தியன் வங்கியைத் தொடங்கினர்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1938ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது. ஆனால் 1921ல் தூத்துக்குடியில் வணிகர்கள் தொடங்கிய நாடார் வங்கி நின்றது. 1962ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது.

இதை நம் புதியம்புத்தூர் ரெடிமேட் வியாபாரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு மொத்த வியாபாரிகள். இருவரிடமும் சரக்கு 20 லட்சம், வரவேண்டிய பாக்கி 10 லட்சம். முதலாமவர் கொடுக்க வேண்டியது 12 லட்சம். சொந்த முதல் 18 லட்சம். இரண்டாமவர் கொடுக்க வேண்டியது 26 லட்சம். சொந்த முதல் 4 லட்சம்தான். வெளியே இருவரும் ஒன்றே. கடனுக்கு வாங்கிக் கடையை அலங்கரித்தவர் ஒருபடி மேலாகக்கூடத் தெரிவார்.

தீபாவளி கழிந்து 5 லட்சம் சரக்கு தங்கிவிடுகிறது. பழைய மாடல் என்று பாதி விலைக்குத் தள்ளினால் நஷ்டம் இரண்டரை லட்சம். பாக்கியில் 2 லட்சம் வராமல் போகிறது. ஆக நாலரை லட்சம். முதலாமவருக்கு இன்னும் பதின்மூன்றரை லட்சம் முதல் மிஞ்சும். இரண்டாமவருக்கு முதல் முழுவதும் போய், அரை லட்சம் கூடுதல் கடன் நிற்கும். 2020 ஊரடங்கும், 2023 டிசம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையும் இந்தக் கணக்கை நமக்கு நேரிலேயே காட்டின.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்திலேயே வள்ளுவர் வரவுக்குத் தக்க செலவையும் சேர்த்துச் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. தன் கையிருப்பை அறிவதும் தன் வலிமையை அறிவதுதான்.

ஆகவே மாதம் ஒருமுறை மூன்றை எழுதிப் பார்ப்பது நல்லது.

1. அடுத்த 30 நாளில் கொடுக்க வேண்டியது எவ்வளவு? அதற்குக் கைரொக்கமும் நிச்சயமாக வரும் பாக்கியும் போதுமா?

2. ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய சரக்கு இன்றைய விலைக்கு என்ன பெறும்? வாங்கிய விலையை எழுதக்கூடாது.

3. விற்பனையே இல்லாவிட்டாலும் மூன்று மாத வாடகை, சம்பளம், தையல் கூலிக்குத் தனிப்பணம் இருக்கிறதா?

நம் கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாதது போலிருக்கும். ஆனால் பெய்த மழையை உள்ளே பிடித்து வைத்துப் பருத்தியையும் சோளத்தையும் விளைய வைக்கிறது. வியாபாரமும் அப்படி இருந்தால் போதும். முகப்புக்குச் செய்யும் செலவில் ஒரு பங்கை முதலில் சேர்ப்போம்; வாங்கிய இடத்தில் தவணை தவறாமல் கொடுப்போம். அந்த நாணயம்தான் நமக்கு உண்மையான பலம்.