பட்டம் இருந்தால் போதாதா?

கே: பட்டம் பெற்றவருக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லித்தரத் தனிப் பயிற்சி எதற்கு?

ப: லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுத்து, அதற்கேற்ற கதைக் கணக்கும் சொல்லச் சொன்னார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாக வகுத்தார்கள். அமெரிக்கர்கள் 23 பேரில் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர்தான். கதை? பலர் இரண்டால் வகுக்கும் கதையைச் சொன்னார்கள். (ஒன்றே முக்கால் லிட்டர் பாலில் எத்தனை அரை லிட்டர் என்று கேட்டாலே போதும், மூன்றரை.) இத்தனைக்கும் அமெரிக்கர்கள் கல்லூரி கண்டவர்கள், சீனர்களோ பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டு படித்தவர்கள். ஆனால், பணியில் சேர்ந்த பின்னும் கூடி உட்கார்ந்து பாடநூலை அலசுகிறார்கள். பட்டத்தைவிட அந்த அலசலுக்கே என் ஓட்டு.