சாமான் வண்டிகளின் பழைய நிறம்

இருப்புப்பாதை வண்டிகளைச் சிற்றுருவிற் செய்து ஓட்டி மகிழ்வோர் நம்முள்ளும் சிலர் உளர். இவர்கள் எஞ்சினின் பளபளப்பிற் செலுத்தும் கவலையிற் பத்திலொரு பங்கும் சாமான் வண்டிகளின்மேற் செலுத்துவதில்லை. ஆயினும், காட்சி எந்த ஆண்டிற்குரியது என்பதை அறிந்தோர்க்கு முதலிற் புலப்படுத்துவது அவ்வண்டிகளின் நிறமே. பிரிட்டன் தேசத்து வண்டிகளை உதாரணமாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1923-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி அத்தேசத்துக் கம்பெனிகளிற் பெரும்பாலன நான்கு பெருங் கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியார் கருஞ்சாம்பல் நிறமும், ஸதர்ன் கம்பெனியார் கரும்பழுப்பும் பூசினர். லண்டன் நார்த் ஈஸ்டர்ன் கம்பெனியார் சாதாரண வண்டிகளுக்குச் சாம்பலும், வாக்குவம் பிரேக் பொருத்தியவற்றிற்குச் செங்காவியும் வைத்தனர். லண்டன் மிட்லண்டு ஸ்காட்டிஷ் கம்பெனியாரோ சாம்பலே பூசிவந்து, 1936-ல் பாக்ஸைட் எனப்படும் செம்பழுப்பிற்கு மாறினர்.

இங்கேதான் நாம் இடறினோம். 1930-ம் வருஷத்துக் காட்சியொன்றை அமைக்கப் புகுந்து, இக்கடைசிக் கம்பெனியின் வண்டிகள் ஆறினுக்கும் செம்பழுப்பே பூசி முடித்தோம். காண வந்த நண்பரொருவர், "இவை ஆறு வருஷம் முந்திப் பிறந்துவிட்டனவே!" என்றார். ஆறினையும் சுரண்டினோம். எனினும் 1938-ம் வருஷத்துக் காட்சியாயின் இரு நிறமும் கலந்து நிற்றலே பொருந்தும். ஓராணையால் எல்லா வண்டிகளும் ஒரே நாளில் நிறம் மாறுவனவல்ல.

பழைய நிழற்படங்களை நோக்கினால் ஐயம் தீருமெனின், தீராது. பழங்காலத்துப் படத்தகடுகள் செந்நிறவொளியை உணரமாட்டா. ஆதலால் சிவப்பு அவற்றிற் கறுப்பாகவும், நீலம் வெள்ளையாகவும் தோன்றும். கிரேட் வெஸ்டர்ன் வண்டிகள் முன்னர்ச் சிவப்பாயிருந்து பின்னர்க் கருஞ்சாம்பலாயின. அம்மாற்றம் எப்போது நிகழ்ந்ததென்பதில் ஆராய்ச்சியாளர் வழக்கிட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே படத்தில் நிறத்தை விடுத்து எழுத்தை நோக்குதல் வேண்டும். மேற்கூறிய செம்பழுப்போடு கம்பெனியின் பெயரெழுத்துக்களும் சிறியனவாயின. பெரிய எழுத்திருப்பின் பெரும்பாலும் சாம்பலே.

பழைய வண்டியிலிருந்து உதிர்ந்த வர்ணத்துண்டு கிடைத்தால் அதையும் அப்படியே நம்பலாகாது. அக்காலத்துச் சாம்பல் நிறம் சபேதா என்னும் ஈய வெள்ளையோடு கரியைச் சேர்த்து ஆக்கப்பட்டது. நிலக்கரிப்புகை நிறைந்த காற்றிலுள்ள கந்தகம் அவ்வீயத்தைக் கறுப்பாக்கும். ஆளிவிதை எண்ணெயும் நாட்பட மஞ்சளிக்கும். ஆகவே பட்டறையினின்று அன்று வெளிவந்த வண்டியும், ஐந்து வருஷம் உழைத்த வண்டியும் ஒரே வர்ணம் பூசியனவாயினும் ஒரே நிறத்தனவல்ல.

இன்னுமொன்று. அடிக்கு நான்கு மில்லிமீட்டர் அளவில் அமைந்த மாதிரி, மெய்வண்டியில் ஏறக்குறைய 76-ல் ஒரு பங்கு. அதனை இரண்டடித் தூரத்தினின்று காண்பது மெய்வண்டியை 150 அடிக்கப்பால் நின்று காண்பது போலாம். அத்தூரத்தில் நிறம் சற்று வெளிறித் தோன்றும். அறை விளக்கோ வெயிலினும் மிக மங்கியது. ஆதலின் சரியான நிறத்தை அப்படியே பூசினால் மாதிரி மிகக் கறுத்துக் காணும். சாம்பலாயின் சிறிது வெள்ளை சேர்க்கலாம். செங்காவியிற் சேர்த்தாலோ ரோஜா நிறம் தட்டிவிடும்; அதற்கு வெளிர்சாம்பலே நன்று. எவ்வளவு என்பதற்கு விதியில்லை. இரண்டு மூன்று அட்டைத் துண்டுகளிற் பூசி, ஓரிரவு உலரவிட்டு, வண்டி ஓடவிருக்கும் அதே விளக்கின்கீழ் வைத்துப் பார்த்த பின்னரே வண்டியில் தூரிகை வைக்க வேண்டும்.