உருக்குத் தூண் களஞ்சியங்களும் இடிதாங்கிப் புவித்தொடுப்பும்

கமக்காரர் பலர் நெல்லையும் வெங்காயத்தையும் உருக்குத் தூணும் தகரக் கூரையும் கொண்ட களஞ்சியங்களிற் சேமிக்கின்றனர். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகுதியாதலால், இவற்றிற்குப் புவித்தொடுப்பு இன்றியமையாதது.

உருக்கே மின்னலைக் கடத்தும். ஆதலின் கூரையும் தூண்களும் இடைவெளியின்றி இணைந்திருப்பின் தனிக்கம்பி இறக்க வேண்டியதில்லை. ஆனால் தூண் உலர்ந்த சீமெந்துப் பீடத்தோடு நின்றுவிடின், மின்னல் மண்ணிற் செல்ல வழியின்றி, அருகில் நிற்பவர்மீதோ மின்கம்பிகள்மீதோ பாயும்.

செய்யவேண்டியவை:

1. மூலைத் தூண்களின் அடியில் வண்ணப்பூச்சைச் சுரண்டி, நாகம் பூசிய உருக்குப் பட்டியை மரையாணியால் இறுக்குக.

2. பட்டியை ஈரமண்ணில் 2.5 மீற்றர் ஆழம் அறைந்த கோலுடன் இணைக்குக. கோல்கள் யாவற்றையும் 0.5 மீற்றர் ஆழத்தில், கட்டிடத்தைச் சுற்றி வளையமாகத் தொடுக்குக.

3. நாகம் பூசிய உருக்கோடு செம்பை நேரே சேர்க்கற்க. ஈரத்தில் நாகம் அரிக்கப்படும்.

4. புவித்தடை 10 ஓமுக்கு மேற்படாமையை மின்னியலாளரைக் கொண்டு அளந்தறிக.

5. ஆண்டுதோறும் பங்குனிக்கு முன் இணைப்புகளைச் சோதித்துத் துருவை நீக்குக.

இவை யாவும் செய்யப்பட்டிருப்பினும், திறந்த கொட்டகையில் இடிமுழக்கத்தின்போது தூண்களுக்கு 3 மீற்றருக்குள் எவரும் நிற்கலாகாது. புவித்தொடுப்புக் கட்டிடத்தைக் காக்கும். உயிரைக் காப்பது நம் விழிப்பே.