அகதிக் குடும்பங்களுக்குத் துணை நிற்பது எப்படி?

அகதிகள் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்குத் திரெங்கானுவின் பீடோங் தீவு நினைவுக்கு வரும். 1978 முதல் 1991 வரை அங்கே முகாமில் தங்கிச் சென்ற வியட்னாமியர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். இன்று அத்தகைய முகாம் கிடையாது. மியன்மார், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் நம் அடுக்குமாடிகளிலேயே வாடகைக்குக் குடியிருக்கின்றனர்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை இருந்தாலும் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. சமூகக் கல்வி மையமே பள்ளி. அரசாங்க மருத்துவமனையில் அட்டைக்காரருக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. நமக்குப் புறநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி. அவர்களுக்கு அந்தப் பாதியே பல மடங்கு.

தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் வழங்குகிறோம். நல்லதே. (வழங்குவதைவிடப் படம் எடுப்பதற்கு அதிக நேரமாகிறது!) ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு அவசரம் வேறு. தீபகற்பத்தில் பிறப்பை 60 நாட்களுக்குள் பதிய வேண்டும், படிவமோ மலாயில். பிறப்புப் பத்திரம் குடியுரிமை தராது. எனினும், இது இன்னாரின் பிள்ளை என்பதற்கு அதுவே சான்று. மலாய் தெரிந்த ஒருவர் பதிவிலாகாவுக்கு உடன் செல்வது பத்து மூட்டை அரிசிக்கு மேல் என்பேன்.

பல்லாண்டு வகுப்பறையில் நின்ற என் போன்றோருக்கு வாரம் இரண்டு மணி நேரம் பெரிதல்ல. கல்வி மையத்தில் மலாயும் கணக்கும் சொல்லித்தரலாம். அவர்களுடைய அட்டையையோ முகத்தையோ படமெடுத்து வாட்சாப்பில் பரப்ப வேண்டாம்; ஊரிலிருக்கும் உறவினருக்கு ஆபத்து நேரலாம். இம்மலருக்கும் அப்படங்களைத் தர வேண்டாம்.